நாக்கு ஒட்டு: கத்தரியா, லேசரா, காத்திருப்பதா?

பிறந்த குழந்தையின் நாக்கை வாயின் அடித்தளத்தோடு பிணைக்கும் சவ்வு குட்டையாகவோ இறுக்கமாகவோ இருப்பதே நாக்கு ஒட்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் 1997-இல் 4,000-க்கும் குறைவான பச்சிளங்குழந்தைகளுக்கே இது இருப்பதாகப் பதிவானது. 2012-இல் அந்த எண்ணிக்கை 32,000-ஐத் தாண்டியது. பதினைந்தே ஆண்டுகளில் குழந்தைகளின் நாக்கா மாறியிருக்கும்?

வாயைத் திறந்து சவ்வைப் பார்த்தவுடன் முடிவு கட்டுவது ஒரு வழி. குழந்தை பால் குடிப்பதைக் கவனித்து, நாக்கு மேலே எழுகிறதா, முன்னே நீள்கிறதா என்று சோதிப்பது இன்னொன்று. இரண்டாவதே சரி. சவ்வு குட்டையாகத் தெரியும் குழந்தைகளில் பாதிக்கும் குறைவானோருக்கே பால் குடிப்பதில் சிரமம் இருக்கிறது. அமெரிக்காவில், அந்தச் சவ்வை வெட்டுவதற்கென்று அனுப்பப்பட்ட 115 குழந்தைகளைப் பலதுறை வல்லுநர்கள் பாலூட்டலோடு சேர்த்துப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 63 சதவீதத்தினருக்கு வெட்டு இல்லாமலே முடிந்தது.

வெட்டினால் என்ன கிடைக்கும்? மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு 302 குழந்தைகளை உள்ளடக்கிய ஐந்து சோதனைகளை அலசியது. தாயின் முலைக்காம்பு வலி குறுகிய காலத்தில் குறைந்தது. குழந்தை நன்றாகக் குடித்ததா என்பதற்கு ஒருமித்த விடை இல்லை. பிரிட்டனில் 169 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் குடித்தவர்கள் வெட்டிய அணியில் 88 சதவீதம், பாலூட்டல் ஆலோசனை மட்டும் என்ற அணியில் 86. இதைக் காட்டி ‘வெட்டு வீண்’ என்று வாதிடுவோரை நான் ஏற்கமாட்டேன். ஆலோசனை அணியிலும் சுமார் 73 சதவீதத்தினர் பின்னர் வெட்டிக்கொண்டார்கள்; அதனால் இரு அணிகளையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எனக்கு அதைவிட வலுவாகத் தோன்றுவது நியூசிலாந்தின் கேன்டர்பரி அனுபவம். அங்கே நாக்கு ஒட்டைக் கண்டறியும் முறையை ஒழுங்குபடுத்தியதும், வெட்டப்படும் குழந்தைகளின் விகிதம் 2015-இல் இருந்த 11.3 சதவீதத்திலிருந்து 2017-இன் நடுவில் 3.5-ஆக இறங்கியது. தாய்ப்பாலூட்டல் குறையவில்லை.

கத்தரியா லேசரா என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. லேசர் மேல் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024-இல் கூறிவிட்டது. வெட்டியபின் நாக்கை இழுத்துவிடும் பயிற்சியையும் அது பரிந்துரைக்கவில்லை. உதட்டுச் சவ்வையும் வெட்டவேண்டும், கன்னச் சவ்வையும் வெட்டவேண்டும் என்று பட்டியல் நீட்டுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். பின்னாளில் பேச்சு திக்கும் என்ற பயத்துக்காக இப்போதே வெட்டுவதற்கும் ஆதாரம் கிடையாது.

முதலில் தாய்ப்பால் ஆலோசகரிடம் குழந்தையின் வாய் மார்பில் பொருந்தும் விதத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதன்பிறகும் வலி தீரவில்லை, எடையும் ஏறவில்லை, நாக்கின் அசைவும் தடைபடுகிறது என்றால், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று உறுதிசெய்துகொண்டு கத்தரியால் வெட்டிவிடலாம்.