ஈபர்ப் வாங்கும் ஆழ்கடல் படகு உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் எங்கள் விசைப்படகுக்கு, கடல் மின்னணுக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் ஈபர்ப் வாங்கினோம். படகு மூழ்கினால் செயற்கைக்கோள் வழியாக அபாய அறிவிப்பை அனுப்பும் அந்தக் கருவி புத்தம் புதியது, சோதித்துப் பார்த்தது என்று கூறி, முத்திரையிட்ட சோதனை அறிக்கையும் தந்தார்கள். அடுத்த ஆண்டுச் சோதனைக்கு வேறொரு டெக்னீஷியனிடம் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது.

ஒவ்வொரு ஈபர்ப்பிலும் 15 இலக்க அடையாளக் குறியீடு பதியப்பட்டிருக்கும். அதற்குள் நாட்டுக் குறியீடும் அடங்கும். இந்தியாவுக்கு அது 419. அந்த டெக்னீஷியன் சோதனைக் கருவியை அருகில் வைத்துச் சுயசோதனைப் பொத்தானை அழுத்தியதும், திரையில் வந்தது வேறொரு நாட்டின் குறியீடு. அதாவது, வேறொரு கப்பலில் இருந்த பழைய கருவியைப் புதியது என்று விற்றிருக்கிறார்கள். மேலே ஒட்டியிருந்த தாளில் மட்டும் எங்களுக்கு உரியது அச்சிடப்பட்டிருந்தது. படகு மூழ்கும்போது நீரின் அழுத்தத்தால் கருவியைத் தானாக விடுவிக்கும் பொறியின் காலாவதித் தேதியின் மீதும் ஒரு தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். அதே கடையில் வாங்கிய இன்னொரு படகின் அறிக்கையை எங்களுடையதோடு ஒப்பிட்டபோது, அதிர்வெண்ணும் திறனும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தன. தனித்தனியே சோதித்த இரு கருவிகள் அப்படி அளவு காட்டா. ஒரே தாளைப் பெயர் மாற்றித் தந்திருக்கிறார்கள்.

406 மெகாஹெர்ட்ஸில் செல்லும் அறிவிப்பு, பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் மையத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகிறது. யாருடைய படகு, கரையில் யாரை அழைப்பது என்பதையெல்லாம் அந்தக் குறியீட்டுக்குரிய பதிவேட்டைப் பார்த்துத்தான் அறிவார்கள். எங்கள் கருவி கதறியிருந்தால், எங்கோ ஒரு நாட்டில் பழைய கப்பல்காரரைத் தேடியிருப்பார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வீசியபோது, எங்கே தேடுவது என்று தெரியாமல் எங்கள் கரையோர ஊர்கள் பட்ட பாட்டைக் கண்ட எவரும் இதைச் சிறிய மோசடி என்று சொல்லமாட்டார்கள்.

கருவியை வாங்கும்போது உங்கள் கண்ணெதிரே சுயசோதனை செய்யச் சொல்லுங்கள். திரையில் வரும் குறியீடு, கருவியின் மேல் உள்ளது, அறிக்கையில் உள்ளது, பெங்களூர்ப் பதிவில் உள்ளது ஆகிய நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் சோதனைக்காக ஒருபோதும் உண்மையான அபாயப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அது தேடுதல் பணியையே கிளப்பிவிடும். பேட்டரியின் தேதியையும் விடுவிப்புப் பொறியின் தேதியையும் தாளைச் சுரண்டியாவது பாருங்கள்.

கடைக்காரர் பெட்டி மாறிவிட்டது என்கிறார். பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம். எங்கள் பகுதியில் ஈபர்ப் வாங்கியவர்கள், ஜூலை 31 அன்று மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் அதை வேறிடத்தில் மறுபடி சோதியுங்கள். உங்கள் அறிக்கையிலும் இதே கோளாறு இருந்தால் நகலைக் கொடுங்கள், எங்கள் புகாரோடு சேர்க்கிறோம்.