டிஸ்கார்ட் டைம்அவுட்: 5க்கு 4

ரெண்டு வருஷமா டிஸ்கார்ட்ங்கற சாட் ஆப்ல படம் வரையறவங்க சர்வர் (குழு) ஒண்ணுக்கு மாடரேட்டரா, அதாவது ஒழுங்கைப் பாத்துக்கற ஆளா இருக்கேன், தினமும் கையில எடுக்கற டூல்ங்கறதால டைம்அவுட் பத்தி எழுதறேன்.

2021 கடைசில வந்த வசதி இது, ரூல் மீறினவங்களை கொஞ்ச நேரம் எழுத விடாம நிறுத்தி வைக்கறதுக்கு. பேர் மேல ரைட் கிளிக் பண்ணி 60 செகண்ட்ல இருந்து 1 வாரம் வரைக்கும் எது வேணுமோ எடுத்துக்கலாம், அவங்க எல்லாத்தையும் படிக்கலாம் ஆனா எழுத முடியாது, ரியாக்‌ஷன் கூட போட முடியாது, நேரம் முடிஞ்சா தானா சரியாயிடும். நான் போடறது பெரும்பாலும் 10 நிமிஷம் தான். சூடு தணிய அது போதும்.

2022ல வந்த ஆட்டோமாட், அதாவது மெசேஜை தானா சலிக்கற வசதி, இன்னும் பிடிக்கும். தடை பண்ணின வார்த்தையை டைப் பண்ணா மெசேஜ் சேனலுக்கே போகாது, தடுத்தாச்சுங்கற தகவல் எழுதினவருக்கும் மாடரேட்டருக்கும் மட்டும் தெரியும். ஊரைக் கூட்டாம தப்பை நிறுத்துது பாருங்க, அதுதான் வேணும்.

இதே டைம்அவுட்டை வேற ஒரு சர்வர்ல எப்படி யூஸ் பண்ணாங்கன்னு பாத்து எனக்கு மனசே ஆறல. புதுசா சேர்ந்த பையன் யாரோ வரைஞ்ச படத்தை பேர் போடாம போட்டுட்டான், தப்புதான், இல்லங்கல. மாடரேட்டர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எல்லாரையும் டேக் பண்ணி, "உழைப்புன்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு இங்க இடமில்ல"ன்னு பெரிய உபதேசம். பையன் டைப் பண்றான்னு கீழ காட்டுது, நிக்குது, மறுபடி காட்டுது, என்ன சொல்ல வந்தானோ, அதுக்குள்ள 1 வாரம் டைம்அவுட் போட்டுட்டாங்க. அவனால படிக்க மட்டும்தான் முடியும். ஆளாளுக்கு வந்து திட்ட, அந்த ஸ்க்ரீன்ஷாட்டுக்கு கீழ கைதட்டற எமோஜி ஏறிட்டே இருந்துச்சு. கையைக் கட்டிப் போட்டு அடிக்கறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? மறுநாள் மெம்பர் லிஸ்ட்ல அவன் பேரே இல்ல. "பேர் போடணும்பா, போட்டுடு"ன்னு தனியா ஒரு வரி சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்.

இதுல டூல் மேலயும் எனக்கு ஒரு குறை இருக்கு. டைம்அவுட் போடும்போது காரணம் எழுத ஒரு பாக்ஸ் வருது, அதுல எழுதறது ஆடிட் லாக்குக்கு (நிர்வாகிகள் பாக்கற பதிவேடு) தான் போகுது, தண்டனை வாங்கினவருக்கு போய் சேர மாட்டேங்குது, அதனால அவசரத்துல இருக்கற மாடரேட்டர் காரணத்தை சேனல்லயே போட்டு உடைச்சிடறார், அங்கதான் கூட்டம் கூடுது, ஒழுக்கப் பாடம் ஆரம்பிக்குது.

நாங்க டைம்அவுட் போட்ட கையோட அவங்களுக்கு டிஎம் (தனி மெசேஜ்) அனுப்பிடறோம். எந்த மெசேஜ், எந்த ரூல், திரும்ப எப்ப எழுதலாம், அவ்ளோதான், அறிவுரை கிடையாது. பல பேர் "சாரி, கவனிக்கல"ன்னு சொல்லிட்டு அன்னிக்கே திரும்ப படம் போடறாங்க.

அந்த பாக்ஸ்ல எழுதறது சம்பந்தப்பட்டவருக்கு நேரா போற மாதிரி பண்ணிட்டா மீதி 1 மார்க்கும் குடுத்துடுவேன்.