50 மி.மீ. புல்லி ஹோல்டர்: பழைய ஹோண்டா சிட்டி வைத்திருப்பவர்களுக்கு

கார் என்ஜினின் புல்லியைச் சுற்றவிடாமல் பிடிக்க, ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு இரும்பு வளையம். படத்தைப் பார்த்ததும் இதை நம்ம பட்டறையிலேயே செய்துவிடலாமே என்று தோன்றியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் வைத்திருப்பவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? அப்புறம் கணக்குப் போட்டேன். வெளிப்பக்கம் 50 மில்லி அறுகோணம், நடுவில் சாக்கெட் போகிற அளவுக்குத் துளை, பக்கத்தில் ஒரு கை, அதில் அரை இஞ்ச் சதுர ஓட்டை. ஒற்றைப் பீஸ் செய்ய மெட்டீரியல், மில்லிங், என் ஆள் கூலி எல்லாம் சேர்த்தால் வாங்குவதுதான் மலிவு. பெட்டியில் பிராண்ட் பெயர் எதுவும் இல்லை. கறுப்புப் பெயிண்ட் மட்டும் தாராளமாக அடித்திருந்தார்கள்.

இது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மச்சினனிடம் 2002 சிட்டி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் 1998இல் வந்து 2003இல் நின்றுபோன முதல் சிட்டி. ஹோண்டாவின் டி வரிசை என்ஜின் அது, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் வைத்தது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், ஹெட்டை (என்ஜினின் மேல்பாகம்) கழற்ற வேண்டிவரும். அதனால் பெல்ட்டை நேரத்தில் மாற்றியே ஆக வேண்டும். பெல்ட் கவரைக் கழற்ற வேண்டுமென்றால் கிராங்க் புல்லி, அதாவது என்ஜினின் சுழல் தண்டு நுனியில் இருக்கும் சக்கரம், வெளியே வர வேண்டும். புல்லி வர அதன் நடுவில் இருக்கும் 19 மில்லி சைஸ் போல்ட் கழல வேண்டும். மொத்த வேலையும் அந்த ஒரு போல்ட்டில்தான் நிற்கிறது.

1990களின் சிவிக்கில் இதே டி வரிசை என்ஜின்களுக்கு ஹோண்டா சொன்ன இறுக்கம் சுமார் 180 நியூட்டன் மீட்டர். ஹோண்டாவின் வீல் நட்டுக்கு 108தான். அந்த 180கூடப் புதிதாக இறுக்கும்போது உள்ள கணக்கு. இருபது வருஷம் சூடும் துருவும் சேர்ந்தபின் அதை அசைக்க இன்னும் எவ்வளவோ தேவைப்படும். போதாததற்கு, முன்பு பெல்ட் மாற்றிய கடையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) இல்லாமல், காற்றழுத்தத்தில் அடித்துத் திருகும் ஏர் கன்னை வைத்தே இறுக்கி அனுப்பியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

பலம் ஒரு பிரச்சினையே இல்லை. அறுபது கிலோ ஆள் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். பிரச்சினை பிடிமானம். நீங்கள் போல்ட்டைத் திருப்பினால் கூடவே புல்லி, கிராங்க், பிஸ்டன் எல்லாம் சேர்ந்து சுற்றும். என்ஜினைச் சுற்றவிடாமல் நிறுத்தினால்தான் போட்ட பலம் போல்ட்டுக்குப் போகும். புல்லியின் நடுவில் இருக்கும் அறுகோணக் குழியில் உட்கார்ந்து இந்த வளையம் செய்வது அந்த ஒரு வேலையைத்தான்.

நிறுத்த வேறு வழிகள் இல்லாமல் இல்லை. ஐந்தாவது கியரில் போட்டு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்வார்கள். டயர், டிரைவ் ஷாஃப்ட், என்ஜின் மவுண்ட் ரப்பர் என ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போகும், போல்ட் மட்டும் அப்படியே இருக்கும். ஃபிளைவீல் பல்லில் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகுவார்கள். பல் உடைந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றைத் திணிப்பவர்களும் உண்டு. எந்த வால்வு எப்போது திறந்திருக்கும் என்று தெரிந்தவர் செய்யட்டும், நான் மாட்டேன். புல்லி மேலேயே செயின் ரெஞ்சைப் போட்டுப் பிடித்தால் பெல்ட் ஓடும் பள்ளங்கள் நசுங்கும்.

இன்னொன்று, பலரும் பெருமையாகச் சொல்லும் ஸ்டார்ட்டர் வைத்தியம். போல்ட்டில் சாக்கெட்டோடு மாட்டிய பவர் பாரை (நீளமான கைப்பிடிக் கம்பி) தரையில் முட்டுக்கொடுத்துவிட்டு சாவியை ஒரு தட்டு தட்டினால் போல்ட் தானாகக் கழன்றுவிடும் என்பார்கள். பெரும்பாலான என்ஜின்கள் புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். அவற்றில் இது வேலை செய்யும், பார் நழுவினால் கை கால் போகும் என்பது தனிக் கதை. ஆனால் ஹோண்டாவின் டி வரிசை இடஞ்சுழியாகச் சுற்றும். போல்ட்டின் மரை மட்டும் வழக்கமான மரைதான். ஆக, இந்த வண்டியில் ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் இன்னும் இறுகத்தான் செய்யும். தெருமுனை மெக்கானிக் ஒருவர் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்தார். பேப்பரில் படம் போட்டுக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். வந்தவுடன் வெர்னியர் அளவுகோலை வைத்தேன். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 49.6 மில்லி. புல்லிக் குழியில் போட்டால் லேசான ஆட்டம் இருக்கிறது, அது இருக்கட்டும். சரியாக 50 என்று செய்திருந்தால் துருப் பிடித்த குழிக்குள் இறங்கவே இறங்காது. ஓர் ஓரத்தில் அரத்தை ஓட்டிப் பார்த்தேன், கொஞ்சம் கடித்தது. அதாவது முழுக்கக் கடினப்படுத்திய எஃகு இல்லை. இந்த வேலைக்கு அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பட்டென்று உடைவதைவிட மூலை கொஞ்சம் நசுங்குவது மேல். கையையும் அறுகோணத்தையும் இணைத்த வெல்டிங் சுற்றிலும் முழுமையாக ஓடியிருந்தது. பார்க்க அழகில்லை, ஆனால் நன்றாகவே பிடித்திருக்கிறது.

குறை நடுத்துளையில். என் 19 இம்பேக்ட் சாக்கெட் சுவர் தடித்தது, உள்ளே உரசியது. லேத்தில் போட்டுத் துளையை ஒரு மில்லி பெரிதாக்கிவிட்டேன். எனக்கு ஐந்து நிமிஷ வேலை. லேத் இல்லாதவர்கள் சுவர் மெல்லிய ஆறுமூலை சாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் வேண்டாம், தலை வழுக்கிவிடும். இன்னொரு குறை, அறுகோணத்தின் ஆழம் குறைவு. சற்றுச் சாய்ந்தாலும் குழியை விட்டு வெளியே வரப் பார்க்கிறது.

மாட்டும் விதம் முக்கியம். இந்த சிட்டியில் புல்லி இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்து, உள் பிளாஸ்டிக்கை விலக்கினால் புல்லி நேரே தெரியும். ஜாக்கை மட்டும் நம்பி இதைச் செய்யாதீர்கள். பைப்பில் தொங்கும்போது வண்டியே ஆடும். ஹோல்டரின் சதுர ஓட்டையில் ஒரு பாரை மாட்டி வண்டியின் முன்பக்கம் நீட்டி, நுனியைத் தரையில் ஒரு கட்டைமேல் படும்படி வையுங்கள். கழற்றும்போது புல்லி இடப்பக்கம் சுற்றப் பார்க்கும், அந்த பார் தரையை அழுத்திக்கொண்டு நின்றுவிடும். போல்ட்டுக்குப் போகும் பாரையும் முன்பக்கமே நீட்டி, அதைக் கீழே அழுத்த வேண்டும்.

ஹோல்டரோடு வந்த தாளில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். சாக்கெட்டுக்கும் பாருக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் என்ற நீட்டிப்புக் கம்பி வரும். அதன் வெளி நுனிக்கு அடியில் இன்னொரு ஸ்டாண்டை முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அழுத்துகிற அழுத்தில் எக்ஸ்டென்ஷன் கீழே சாயும், சாக்கெட் போல்ட் தலையில் கோணலாக உட்காரும், ஹோல்டரும் குழியை விட்டு நழுவும். மேலே சொன்ன ஆழக் குறைவு இந்த ஒரு முட்டில் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது.

முதலில் இரண்டடி பாரோடு அழுத்தினேன். எக்ஸ்டென்ஷன் முறுக்கேறுவது கண்ணுக்கே தெரிந்தது, போல்ட் அசையவில்லை. பக்கத்தில் நின்ற மச்சினன், "மாமா, வெளியே குடுத்துடலாமா?" என்றான். பட்டறையிலிருந்து நாலடி ஜிஐ பைப்பை எடுத்துவந்து பாரில் சொருகினோம். முழு எடையையும் மெதுவாக இறக்கினதும் டப்பென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எக்ஸ்டென்ஷன்தான் போய்விட்டது என்று நினைத்து அவன் நாலடி தள்ளிப் போய்விட்டான். கழன்றது போல்ட்தான். அதன் பிறகு ராட்செட்டில் விரலால் சுற்றுகிற மாதிரி வந்தது. ஹோல்டரை எடுத்துப் பார்த்தால் இரண்டு மூலைகளில் பெயிண்ட் போய் லேசான தழும்பு. வெல்டிங்கில் விரிசல் இல்லை, சதுர ஓட்டையும் அகலவில்லை.

திரும்ப இறுக்கும்போதும் இது வேண்டும். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கப் புல்லியைப் பிடிக்க ஆள் வேண்டுமே. கழற்றும்போது வாங்கியவர்கள் மாட்டும்போது இதை மறந்துவிட்டு மறுபடி கன்னைத் தேடுகிறார்கள், அடுத்த முறை கழற்றுகிறவன் பாடு திண்டாட்டம். இறுக்கும் அளவை உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள். ஹோண்டாவிலேயே வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, சிலவற்றில் குறைந்த டார்க் கொடுத்துவிட்டு 90 டிகிரி திருப்பச் சொல்வார்கள்.

இதற்கு மாற்று உண்டா என்றால் உண்டு. நல்ல இம்பேக்ட் கன்னும், அதற்கென்றே தடியாகச் செய்த கனமான சாக்கெட்டும். அமெரிக்காவின் லிஸ்லே நிறுவனம் ஹோண்டாவுக்கென்றே 19 சைஸில் ஒன்று விற்கிறது. சாதாரண சாக்கெட்டும் நீளமான எக்ஸ்டென்ஷனும் கன் அடிக்கும் அடியை ஸ்பிரிங் போல வாங்கிக்கொண்டுவிடும், கனமான சாக்கெட்டில் அடி போல்ட்டுக்குப் போய்ச் சேரும். தினமும் பெல்ட் வேலை வருகிற கடைக்கு அதுதான் சரி. ஒரே ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு கன், கம்ப்ரசர், கனமான சாக்கெட் என்று போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அரை மதிப்பெண் துளைக்கு, அரை ஆழத்துக்குக் குறைத்தேன். ஹோண்டாவின் சர்வீஸ் மேனுவலே சொல்வது இந்த 50 மில்லி ஹோல்டரைத்தான், ஆனால் மற்ற கம்பெனி வண்டிகளுக்கு இதை நம்பி வாங்காதீர்கள். புல்லியின் நடுவில் அறுகோணக் குழி இல்லையென்றால் இது பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், குழி இருந்தால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நாலடி பைப்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்ளலாம்.