டெஸ்க்டாப் எஃபெக்ட்டுகள்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை அணைக்கலாம்?

விண்டோ விரிந்து திறப்பது, சுருங்கி மறைவது, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லாம் முதல் வாரம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். மாதக்கணக்கில் அதே திரையில் வேலை பார்க்கும்போது எஃபெக்ட்டுகளைத் தரம்பிரிக்க ஒரு கேள்வி போதும்: போன விண்டோ எங்கே போனது என்று காட்டுகிறதா, சும்மா காக்க வைக்கிறதா?

இந்த அளவுகோலில் மேக்கின் ஜீனி எஃபெக்ட் தேறிவிடும். விண்டோ குழைந்து, ஐகான் வரிசையான டாக்குக்குள் இறங்கும் இடத்தைக் கண் பிடித்துக்கொள்கிறது. அலுத்தால் 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' பகுதியில் 'ஸ்கேல்' என்று மாற்றலாம். எரிச்சல் தருவது ஒரு ஸ்பேஸிலிருந்து (தனி டெஸ்க்டாப்) இன்னொன்றுக்கு மாறும் சறுக்கல். அதை முழுதாக அணைக்க வழியே வைக்கவில்லை. அக்ஸெஸிபிலிட்டியில் 'ரெட்யூஸ் மோஷன்' போட்டால் சறுக்கலுக்குப் பதில் ஒன்று மங்கி இன்னொன்று தெரியும், அவ்வளவே. 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவின் 'லிக்விட் கிளாஸ்' என்ற கண்ணாடித் தோற்றத்தில் எழுத்து படிக்கச் சிரமமாக இருந்தால் அதே இடத்தில் 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி' இருக்கிறது.

விண்டோஸில் பலரும் செய்வது வேறு. கணினி மெதுவானால் பெர்ஃபாமன்ஸ் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்' மேல் ஒரு கிளிக். எல்லா டிக்கும் போய்விடும். கூடவே எழுத்து விளிம்பை மென்மையாக்கும் டிக்கும். ஆங்கில எழுத்து ஓரளவு தாங்கும். தமிழ் தாங்காது. சிறிய அளவில் ணை, ஞ, இ போன்ற சுழிகள் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து, சுழி எத்தனை என்றே தெரியாமல் போகும். படக் கோப்புறையில் முன்தோற்றம் போய் ஒரே மாதிரி ஐகான்கள் வரிசைகட்டும். ஐகான் பெயர்களின் நிழல் போனதால் வெளிர்நிற வால்பேப்பரில் அவற்றைத் தேட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் இழந்து கிடைப்பது மிகச் சொற்பம். விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் ஏரோ என்ற கண்ணாடித் தோற்றத்தை அணைத்தால், விண்டோக்களைக் கோத்துத் திரையில் காட்டும் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜரே நின்றுவிடும்; கிராபிக்ஸ் நினைவகம் மிச்சமாகும். விண்டோஸ் 8 முதல் அதை நிறுத்தவே முடியாது. டிக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் திரையைக் கோத்துத் தருவது அதுதான்.

ஆகவே 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து நான்கை மட்டும் விட்டுவையுங்கள்: எழுத்து விளிம்பு, படங்களின் முன்தோற்றம், ஐகான் பெயர் நிழல், இழுக்கும்போது விண்டோவின் உள்ளடக்கம் தெரிவது. மினிமைஸ் அனிமேஷன், மெனு மங்கி வருவது, டாஸ்க்பார் அனிமேஷன் மூன்றையும் எடுத்தால் விண்டோ சட்டென்று வரும். கணினி வேகமானதுபோல் தோன்றும். உண்மையில் குறைந்தது காத்திருப்பு. விண்டோஸ் 11இல் ஒளிபுகும் தோற்றத்துக்குத் தனி ஸ்விட்ச், அக்ஸெஸிபிலிட்டியில் 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' என்ற இடத்தில். அந்தத் தோற்றத்தில் மைக்கா, அக்ரிலிக் என இரு வகை. மைக்கா பரவாயில்லை: வால்பேப்பரை ஒருமுறை எடுத்துச் சாயமாக வைத்துக்கொள்கிறது. அக்ரிலிக் பின்னால் இருப்பதையே மங்கலாக்கிக் காட்டுவதால், பின்னணி மாறும்போதெல்லாம் அதற்கு வேலை.

லினக்ஸ்தான் இந்த ஆட்டத்தின் மைதானம். 2006இல் காம்பிஸ் என்ற எஃபெக்ட் மென்பொருள் வந்து, டெஸ்க்டாப்புகள் கனசதுரத்தின் பக்கங்களாகச் சுழலும் க்யூபையும் ஜெல்லியாய் ஆடும் விண்டோவையும் காட்டியபோது கூட்டம் கூடியது, உபுண்டு 7.10 காம்பிஸை இயல்பாகவே இயக்கி வந்தது. இன்று அதே க்யூப் வேண்டுமென்றால் லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களில் ஒன்றான கேடிஇ பிளாஸ்மா 6. 'டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ்' பட்டியலில் டிக் போட்டு மெட்டா (விண்டோஸ் விசை) + சி அழுத்த வேண்டும். வரவில்லையா? முதலில் விர்ச்சுவல் டெஸ்க்டாப் குறைந்தது மூன்று இருக்கிறதா பாருங்கள். அதற்குக் குறைந்தால் க்யூப் உருவாகாது. பட்டியலிலேயே இல்லையென்றால் கியூட்டி குவிக் 3டி பேக்கேஜ் விடுபட்டிருக்கும். தினசரி வேலைக்குக் க்யூபைவிட, திறந்திருக்கும் விண்டோக்களைப் பரப்பிக் காட்டும் ஓவர்வியூவே கைகொடுக்கும். க்யூப் விருந்தினருக்கு.

கேடிஇயில் உருப்படியான விஷயம் அனிமேஷன் வேகத்துக்கான ஸ்லைடர். சிஸ்டம் செட்டிங்ஸில் அனிமேஷன் என்று தேடி, 'இன்ஸ்டன்ட்' பக்கம் சற்று நகர்த்தினால் எஃபெக்ட்டும் இருக்கும், தாமதமும் உறுத்தாது. லினக்ஸில் திரையை இயக்கும் முறை இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். எக்ஸ்11 அமர்வில் ஆல்ட் + ஷிஃப்ட் + எஃப்12 எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தும். வேலண்டில் அந்த வசதி கிடையாது. இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோமில் எஃபெக்ட் வேண்டுமானால் எக்ஸ்டென்ஷனை (கூடுதல் செருகுநிரல்) நம்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று படுத்துவிடும். 2023இன் க்னோம் 45 எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையையே மாற்றியதால், திருத்தி எழுதப்படும்வரை பழையவை எதுவும் ஓடவில்லை.

திணறல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 4கே திரையில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்றால் முழுத்திரை விண்டோ ஒன்றுக்கு ஏறக்குறைய 33 எம்பி. பத்து விண்டோ திறந்தால் 330 எம்பி. 60 ஹெர்ட்ஸ் திரையில் இதையெல்லாம் கோத்து முடிக்க 16.7 மில்லிசெகண்ட்தான் அவகாசம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இது பொது ரேமிலிருந்தே போகிறது. ஒரே ரேம் குச்சி போட்டு விற்கும் மாடல்களில் காலியான ஸ்லாட் இருந்தால், அதே அளவில் இரண்டாவதைப் போடுங்கள். டூயல் சானல் ஆனதும் (இரண்டு ரேமும் சேர்ந்து இயங்குவது) பின்னணியை மங்கலாக்கும் பிளர் ஓடும் விதமே மாறும்.

ரேம் வாங்குமுன் கிராபிக்ஸ் பெயரைப் பார்த்துவிடுங்கள். லினக்ஸில் 'அபவுட்' பக்கத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால், அல்லது விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், எஃபெக்ட் முழுவதையும் பிராசசரே வரைந்துகொண்டிருக்கிறது. சரியான டிரைவர் ஏறும்வரை எந்த டிக்கை எடுத்தும் பயனில்லை.