புல்லா, தானியமா: இறைச்சி மாட்டைக் கொழுக்க வைக்கும் இரு வழிகள்

அமெரிக்காவின் அயோவா போன்ற மக்காச்சோளப் பகுதியில், காயடித்த அங்கஸ் என்ற இறைச்சி இனக் காளைகள் சிலவற்றை மட்டும் வளர்க்கும் சிறு பண்ணையாளர், கடைசி 4 முதல் 6 மாதங்களுக்குத் தானியம் கொடுத்தால், அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 கிலோ எடை கூடி, பெரும்பாலும் 18 மாத வயதுக்குள் விற்பனைக்குத் தயாராகிவிடும்; இறைச்சியிலும் கொழுப்பு இழையோடியிருக்கும். ஆனால் தானியத்தை 2, 3 வாரங்களில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் முதல் இரைப்பையில் அமிலம் பெருகி, மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், சாணம் நுரைத்துச் சாம்பல் நிறத்தில் கழியும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

புல் மட்டும் என்றால் பொதுவாக 20 முதல் 28 மாதங்கள் ஆகும். கொழுப்பு குறைவு, அதுவும் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமியால் மஞ்சளாக இருக்கும். தானியச் செலவு மிச்சமானாலும் இன்னொரு குளிர்காலத்துக்கு உலர்புல் சேர்த்தாக வேண்டும். ஆகவே, செழிப்பான மேய்ச்சல் நிலம் இல்லாதவர்களுக்குத் தானிய வழியையே பரிந்துரைப்பேன்.