கிரான் டூரிஸ்மோ 7-ஆ, ஃபோர்ஸாவா: எட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்த கணக்கு

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் எனக்கு ஒரு சின்ன கேம் கடை. 43 இன்ச் 4கே டிவி இரண்டு. ஒன்றில் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) என்ற கேம் மெஷின், இன்னொன்றில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ். சோறு போடுவது கிரிக்கெட்டும் ஃபுட்பாலும்தான். சண்டை வருவது மட்டும் கார் கேமால்: பிஎஸ்5-ல் கிரான் டூரிஸ்மோ 7 (ஜிடி7), எக்ஸ்பாக்ஸில் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்.

சண்டைக்குக் காரணம் கேம்கூட இல்லை, அதன் டெக்னிக்கல் ரிவ்யூ. "ண்ணா, இங்க பாருங்க, ஃபோர்ஸாவுல கதவுல சைடு மிரரோட நிழல் தெரியுது. ஜிடி7-ல ஒண்ணுமே இல்ல" என்று ஒருவன் போனை நீட்டுவான். "மரத்தப் பாருடா, உங்க ஆளுங்க மரத்துக்கு என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு" என்பான் அடுத்தவன். இரண்டுமே நிறுத்தி வைத்த படம், அதிலும் நான்கு மடங்கு பெரிதாக்கியது. 4கே-யின் நுணுக்கத்தை விளக்கும் வீடியோவை, டேட்டா தீர்ந்துவிடும் என்று 480பி என்ற மங்கலான தரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எவனுக்கும் சிரிப்பு வருவதில்லை.

ரிவ்யூக்காரர்களைக் குறை சொல்லவில்லை. டிஜிட்டல் ஃபவுண்டரி மாதிரி ஆட்கள் ஒரு ஃபிரேமை (ஓடும் காட்சியில் ஒரு தனிப் படத்தை) எடுத்து, சாய்ந்த கோட்டின் ஓரத்தில் இருக்கும் படிக்கட்டுகளை எண்ணி, உண்மையான ரெசல்யூஷன், அதாவது படத்தில் எத்தனை புள்ளி (பிக்சல்), என்ன என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்த வேலை இல்லாவிட்டால் கம்பெனி அட்டையில் போட்டதுதான் வேதம். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360-யோடு வந்த புராஜெக்ட் கோத்தம் ரேசிங் 3-ஐ எல்லோரும் ஹெச்டி ஹெச்டி என்று கொண்டாடினார்கள். எண்ணிப் பார்த்தால் உள்ளே 1024-க்கு 600, ஹெச்டிக்கு வேண்டிய 1280-க்கு 720 இல்லை. 2010-ல் கிரான் டூரிஸ்மோ 5-ன் 1080பி என்பது, 1920 இருக்க வேண்டிய அகலத்தில் 1280 பிக்சல்தான். பொய்யைப் பிடிக்க அந்த எண்ணிக்கை வேண்டும். ஆனால் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் அதே எண்ணிக்கை பாதி வழியிலேயே இறக்கி விட்டுவிடும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம்.

அந்த ஞாயிறு வீண். ஃபோர்ஸா பளிச்சென்று, கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. ஜிடி7 பக்கத்தில் வெளுத்துப் போய்த் தெரிந்தது. ஃபோர்ஸா கட்சி பஃப்ஸ், டீ எல்லாம் வாங்கி முடித்த பிறகு ரிமோட்டை எடுத்தேன். எக்ஸ்பாக்ஸ் டிவி விவிட் மோடில், ஷார்ப்னஸ் கிட்டத்தட்ட உச்சத்தில். பிஎஸ்5 டிவி கேம் மோடில். முந்தின நாள் ஐபிஎல் பார்த்த எவனோ மாற்றியிருக்கிறான். நாங்கள் ஒப்பிட்டது இரண்டு கேமை அல்ல, ஒரு டிவியின் இரண்டு செட்டிங்கை.

அடுத்த வாரம் இரண்டும் கேம் மோடு, ஒரே வெளிச்சம், ஒரே ஷார்ப்னஸ். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் ஹெச்டிஆரை அணைத்துவிட்டேன். ஜிடி வரிசையை உருவாக்கும் பாலிஃபோனி டிஜிட்டல், ஹெச்டிஆரில் மெனக்கெட்டு வேலை செய்கிறவர்கள் என்பது தெரியும். ஆனால் என் டிவியில் ஹெச்டிஆர் என்பது பெட்டிமேல் ஒட்டிய ஸ்டிக்கர்தான், அந்த வெளிச்சத்துக்குப் பேனலில் தெம்பு கிடையாது. ட்ராக், இரண்டு கேமிலும் இருக்கும் பெல்ஜியத்தின் ஸ்பா. முதலில் வெயில், பிறகு மழை.

விவரம் சுருக்கமாக. ஜிடி7 வந்தது 2022 மார்ச்சில், பிஎஸ்4-க்கும் சேர்த்து. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 2023 அக்டோபரில், சீரிஸ் எக்ஸ், எஸ், பிசி மட்டும். பழைய மெஷினைத் தூக்கிச் சுமக்கும் பாரம் ஃபோர்ஸாவுக்கு இல்லை, இது முதலிலேயே அதற்குக் கிடைத்த வசதி. சாதா பிஎஸ்5-ல் ஜிடி7, ரே ட்ரேஸிங்கை (ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்குப் போட்டுப் படம் வரையும் முறையை) ரீப்ளே, கராஜ், போட்டோ மாதிரி இடங்களில்தான் காட்டும். ரேஸ் ஓடும்போது கிடையாது, அங்கே நொடிக்கு 60 ஃபிரேம்தான் குறி. ஓட்டும்போதே ரே ட்ரேஸிங் வேண்டுமென்றால் 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோ வேண்டும், என் கடையில் அது இல்லை. ஃபோர்ஸாவில் மூன்று மோடு: வெறும் 60 ஃபிரேம், ரே ட்ரேஸிங்கோடு 60 ஃபிரேம், எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு 30 ஃபிரேம்.

நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஃபோர்ஸாதான். இதில் வாதமே வேண்டாம். ஜிடி7 ரேஸில் கார் மேல் தெரியும் பிரதிபலிப்பு, காரைச் சுற்றி ஆறு பக்கமும் எடுத்த படத்தை பெயின்ட் மேல் போர்த்துகிற வித்தை. வானம் தெரியும், மரம் தெரியும். உரசிக்கொண்டு போகும் பக்கத்துக் கார் கதவில் தெரியாது, சொந்தக் கண்ணாடியும் தெரியாது. ரே ட்ரேஸிங்கில் ஒளிக்கதிர் எங்கே போய் மோதுகிறது என்று கணக்குப் போடுவதால் அதெல்லாம் வருகிறது. பையன் போனில் காட்டியது நிஜம்.

ஆனால் ஓட விட்டால்?

இங்கேதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 55 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 60 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கார் 93 சென்டிமீட்டர் நகர்கிறது. 30 ஃபிரேமில் 1.85 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். பிரேக் போடும் இடத்தை அந்த ஆள் உயர இடைவெளியில் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஃபோர்ஸாவின் 30 ஃபிரேம் மோடில் பையன்கள் நான்கு பேருமே ஸ்பாவின் முதல் வளைவில் அகலமாகப் போய் மண்ணில் இறங்கினார்கள். 60-க்கு மாற்றியதும் இரண்டாவது சுற்றிலேயே சரியாகிவிட்டது. ரிவ்யூவில் வரும் மிக அழகான படங்களுக்கு ஏற்றது அந்த 30 ஃபிரேம் மோடுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. 43 இன்ச் டிவியின் அகலம் 95 சென்டிமீட்டர். 1080பி-யில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர், 4கே-யில் கால் மில்லிமீட்டர். கோளாறில்லாத சாதாரணக் கண் அரை மில்லிமீட்டர் புள்ளியைப் பிரித்துப் பார்ப்பது ஐந்தரை அடி தூரம் வரைக்கும்தான். கால் மில்லிமீட்டருக்கு மூன்றடிகூட இல்லை. என் கடை சோபா எட்டு அடி தள்ளி இருக்கிறது. 1440பி-யா 2160பி-யா (அதாவது 4கே-யா) என்று மூன்று நாள் பேசாமல் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் அந்த சோபாவில் உட்கார வைத்து, மோடின் பெயரைச் சொல்லாமல் ஃபோர்ஸாவில் அந்த இரண்டு ரெசல்யூஷன் மோடையும் நிறுத்திக் காட்டினேன். ஒருவன் தப்பாகச் சொன்னான். ஒருவன் "ரெண்டும் ஒண்ணுதானண்ணா" என்றான்.

அதற்காக ரெசல்யூஷனே வேண்டாம் என்று ஆகிவிடாது. புள்ளி தெரியாவிட்டாலும் நடுக்கம் தெரியும். தூரத்துக் கம்பி வேலி, தடுப்புக் கம்பி, பார்வையாளர் மாடத்தின் படிகள், இதெல்லாம் கார் நகரும்போது மினுக் மினுக்கென்று துடிக்கும். ஜிடி7 பளிச்சென்று துல்லியமாகக் காட்டுகிறது, அதற்கு விலையாக மெல்லிய கோடுகள் துடிக்கின்றன. ஃபோர்ஸா முந்தைய ஃபிரேம்களைக் கலந்து வழவழப்பாக்குகிறது. துடிப்பு குறைவு, ஆனால் கார் வேகமாகத் திரும்பும்போது சன்னமாக ஒரு சாயல் பின்னாலேயே வருகிறது. எனக்கு இதில் ஃபோர்ஸாவின் வழி பிடித்தது. கடையில் பெரும்பாலான ஓட்டு ஜிடி7-க்கு.

வெயிலில் ஜிடி7-ன் ஒளி வேறு ரகம். சாயங்காலம் நாலரை மணிக்கு ஹைவேயில் எதிர்வெயில் அடித்தால் தார் ரோடு சாம்பலாக மாறி, கார் கூரை மட்டும் தகதகக்குமே, அதை அப்படியே பிடித்திருக்கிறார்கள். ஃபோர்ஸாவில் எல்லா ட்ராக்கிலும் பொழுதும் வானிலையும் மாறும். ஜிடி7-ல் மழை சில ட்ராக்குகளில்தான். ஆனால் ஃபோர்ஸாவின் நடுப்பகலில் எனக்கு எப்போதும் ஒரு மெழுகுத்தன்மை உறுத்துகிறது, கார் ரோட்டின் மேல் உட்காராமல் வைத்த மாதிரி. இதை எண்ணால் நிரூபிக்க முடியாது. ரே ட்ரேஸிங் மோடு போட்டால் கொஞ்சம் குறைகிறது.

மழையைச் சோதிக்கும்போது எங்கள் கடைக்கு அவ்வப்போது வரும் லாரிக்கார அண்ணன் இருந்தார். பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாகப் போகிறவர். பையன்கள் காரைப் பார்த்தார்கள், அவர் ரோட்டை மட்டும் பார்த்தார். "மழ புடிச்ச உடனே ரோடு கண்ணாடியாட்டம் மின்னாதுப்பா. மொத பத்து நிமிசம் எண்ண எழும்பி மங்கலா இருக்கும், அப்பதான் வண்டி வழுக்கும். விட்ட பெறகு டயர் போற தடம் மட்டும் மொதல்ல காயும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக ஜிடி7-ல் மழை விடும் வரை காத்திருந்தோம். கார்கள் ஓடும் தடம் முதலில் வெளுத்தது, ஓரம் ஈரமாகவே கிடந்தது. அண்ணன் தலையை ஆட்டினார். ஃபோர்ஸாவின் மழையில் ஓரத்துக் குட்டைகளும் முன்னால் போகும் காரின் பின்விளக்கு நீரில் சிவப்பாக நீளுவதும் அபாரம். ஆனால் அவர் பார்வையில் "இது சினிமா மழ". ரிவ்யூ எதிலும் இப்படி ஒரு அளவுகோல் வரப்போவதில்லை. தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பழகிய கண்ணுக்கு எது உறுத்துகிறது என்பதை எந்த மெஷினில் அளப்பது?

மழை என்று வந்துவிட்டால் மூன்றாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2014-ல் பிஎஸ்4-க்கு வந்த டிரைவ்கிளப். 1080பி, 30 ஃபிரேம், அவ்வளவுதான். வந்த இரண்டு மாதத்தில் மழையைச் சேர்த்தார்கள். கண்ணாடியில் விழுந்த துளி, கார் திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக ஓடும். பிரேக் போட்டால் அதற்குத் தகுந்த மாதிரி நகரும். அதைச் செய்த ஸ்டூடியோ 2016-ல் மூடப்பட்டது, சர்வர் 2020 மார்ச்சில் நின்றது. டிஸ்க் வைத்திருப்பவர்கள் தனியாக ஓட்டலாம், நான் வைத்திருக்கிறேன். அதைப் போட்டதும் இரண்டு கட்சியும் ஐந்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை. ஃபிரேம் பாதிதான் என்று சற்றுமுன் கணக்குப் போட்டுக் காட்டிய நானும்தான். 30 ஃபிரேமை ஒரே சீராக, ஒன்றும் சிந்தாமல் கொடுத்தால் கண் மன்னித்துவிடுகிறது. நடுநடுவே தட்டுத்தடுமாறும் 60-ஐ மன்னிப்பதில்லை.

சத்தம், வீல் சப்போர்ட்டுக்குள் நான் போகவில்லை. கடையில் கன்ட்ரோலர்தான், பிஎஸ்5 கன்ட்ரோலரின் அதிர்வு நன்றாக இருக்கிறது என்பதோடு சரி. காசு விஷயம் ஒன்று: ஜிடி7 டிஸ்க்கைச் சேலத்தில் பழைய விலைக்கு வாங்கி, அலுத்ததும் விற்கலாம். எக்ஸ்பாக்ஸில் சந்தா கட்டுகிறவனுக்கு ஃபோர்ஸா அதோடே வருகிறது. நெட் இல்லாமல் இரண்டுமே பெரிதாக உதவாது. 2022 மார்ச்சில் ஜிடி7 சர்வர் முப்பது மணி நேரத்துக்கு மேல் படுத்தபோது உலகம் முழுக்கத் தனியாக ஓட்டியவனும் சேர்ந்து நின்றான். இங்கே கேபிள் அறுந்தாலும் அதே கதைதான்.

என்னிடம் எது வாங்கலாம் என்று கேட்கும் ஓசூர்ப் பையன்களுக்கு நான் சொல்வது இது. டிவிக்கு நாலடிக்குள் உட்காருகிறாயா, போட்டோ மோடில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவாயா, சீரிஸ் எக்ஸும் ஃபோர்ஸாவும் வாங்கு, ரே ட்ரேஸிங்கோடு 60 மோடில் வை. கட்டிலில் சாய்ந்துகொண்டு தினம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவன் ஜிடி7 வாங்கட்டும். சீரிஸ் எஸ் வைத்திருப்பவன் 1080பி-தானே என்று கூச்சப்பட வேண்டாம், எட்டு அடி கணக்கு அவனுக்கும் சேர்த்துத்தான். கட்டாயம் ஏதாவது செலவு செய்தே தீருவேன் என்றால், பிஎஸ்5 ப்ரோவுக்கு முன்னால் நல்ல டிவி.

கடையில் இப்போது எக்ஸ்பாக்ஸ் டிவியில் ஃபோர்ஸா 60 மோடில் இருக்கிறது, டிவி செட்டிங்கை ரகசிய எண் போட்டுப் பூட்டியிருக்கிறேன். பிஎஸ்5-ல் ஃபோர்ஸா வரிசையின் இன்னொரு கேமான ஹொரைசன் 5 போடச் சொல்கிறார்கள், 2025 ஏப்ரலில் அது பிஎஸ்5 பக்கமும் வந்துவிட்டது. நேற்று ஒருவன் இரண்டு மெஷினிலும் ஒரே கேம் ஓடினால் எது கூர்மை என்று ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு வந்தான். சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவன், "ண்ணா, சோபாவக் கொஞ்சம் முன்னால இழுக்கலாமா?" என்றான்.