எடைக்கருவி இல்லாத எட்டு வாரங்கள்

நம்மவர் திருமண விருந்துகளில் நலம் விசாரிப்பது பெரும்பாலும் "என்னக்கா, உடம்பு போட்டுட்டீங்க" என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்கு அஞ்சியே, 53 வயதாகும் நான் சென்ற ஆண்டு இரண்டு திருமணங்களுக்கும் ஒரு வளைகாப்புக்கும் போகவில்லை. சிங்கப்பூரின் தேக்காச் சந்தையிலிருந்து சற்று நடந்தால் வரும் ஒரு கடைவீட்டின் மாடியில், உடலை ஏற்றுக்கொள்வதையும் மூளை நலத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் எட்டு வார வகுப்பு ஞாயிறு மாலைகளில் பெண்களுக்கென நடப்பதாக என் நாத்தனார் சொன்னார். நான் 120 வெள்ளி கட்டிச் சேர்ந்ததற்கு மூளை நலத்தின் மீதிருந்த அக்கறை காரணமன்று. அங்கே எடைக்கருவி கிடையாது என்று அவர் சொன்னதுதான் காரணம்.

முதல் நாள் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற தாதியான ஆசிரியர், வெதுவெதுப்பான நல்லெண்ணெய்க் கிண்ணத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, அவரவர் பாதத்துக்கு அவரவரே தேய்க்கச் சொன்னார். "அவசரமில்லாமல் உங்கள் காலைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்ட உடம்புதான் இது. வேலைக்குச் சேர்ந்த பிறகு எண்ணெய்க் குளியல் தீபாவளிக்கு மட்டும் என்றாகி, பிறகு அதுவும் நின்றுபோனது. குதிகாலில் இத்தனை வெடிப்பு இருப்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கண்ணாடியைப் பார்த்து "நான் அழகு" என்று சொல்லும்படி யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தாதது பெரிய நிம்மதி. அதற்கு மாறாக, உடம்பு அன்றைக்குச் செய்த ஒரு வேலையை இரவில் ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும். 'மின்தூக்கி பழுது, பத்துக் கிலோ அரிசியை ஐந்தாம் மாடிவரை தூக்கி வந்தது' என்பது என் மூன்றாம் வாரக் குறிப்பு. எட்டு வாரத்தில் நான் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

உடலை ஏற்றுக்கொள்வது என்றால் எண்களை மறந்துவிடுவது என்று நினைத்துப் போனவர்களுக்கு நான்காம் வாரம் அதிர்ச்சியாக இருந்திருக்கும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் எடைக் குறியீடு 23ஐ எட்டினாலே சிங்கப்பூரில் நோய் அபாயம் கூடத் தொடங்குவதாகவும், 27.5ஐ எட்டினால் அது அதிக அபாயமாகவும் கணக்கிடப்படுகிறது. ஒரே குறியீட்டில் ஐரோப்பியரைவிட ஆசியரின் உடலில் கொழுப்பு கூடுதலாக இருப்பதே இதற்குக் காரணம் என்று ஆசிரியர் விளக்கினார். என்னுடையது 29. அடுத்து அவர் காட்டிய பட்டியல்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, முதுமை மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைக் குறிப்பிட்டு, அவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால் ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. உடற்பருமன் அவற்றுள் ஒன்று. காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, நடுத்தர வயதில் கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தனிமை ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. எடை பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் பதினான்கு மாதங்களாகப் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பக்கமே போகாதிருந்தவள் நான். அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் அதுவரை யாராலும் அளக்கப்படாமல் இருந்தன. அடுத்த வாரமே போனேன். கெட்ட கொழுப்பு கூடியிருந்ததால் மருந்து தொடங்கியாயிற்று.

மூளைப் பயிற்சிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 100இலிருந்து ஏழேழாகக் கழித்தபடி அறையைச் சுற்றி நடக்க வேண்டும். நான் 79இல் தடுமாறியபோது கால்களும் தாமாக நின்றுவிட்டன. நடப்பதற்கும் மூளையின் கவனம் தேவைப்படுகிறது என்பதையும், முதியவர்கள் பேசிக்கொண்டே நடக்கையில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதையும் எந்த விளக்கத்தையும்விட அது நன்றாகப் புரியவைத்தது. மற்றொன்று, புள்ளிக் கோலத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவைத்து வரைவது. உறக்கத்துக்கு ஒதுக்கிய வாரத்தில், கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள் என்பதற்கு மேல் புதிதாக ஒன்றுமில்லை.

என் முதன்மையான குறை ஆறாம் வாரத்தைப் பற்றியது. அன்று வந்த விருந்தினர், மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் மறதியைத் தடுக்கும் என்று அடித்துச் சொல்லி, போத்தல் ஒன்று 28 வெள்ளி என்று விற்கவும் செய்தார். அப்படிச் சொல்வதற்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது. வாழ்நாள் முழுவதும் மஞ்சள் போடாமல் ஒரு குழம்பும் வைத்திராத என் மாமியார் ஆறு ஆண்டுகள் மறதி நோயோடு வாழ்ந்துதான் மறைந்தார். கெட்ட கொழுப்பைக் கவனியுங்கள் என்று சொன்ன அதே அறையில், அதை உயர்த்தக்கூடிய தேங்காய் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொன்னதை ஆசிரியர் மறுக்காமல் இருந்தது இன்னும் மோசம். போதாக்குறைக்கு "இடுப்பும் குறையும்" என்று விருந்தினர் சொல்லவும் பாதிப் பேர் பணப்பையைத் திறந்தார்கள். ஐந்து வாரமாகச் சேர்த்துவைத்தது ஐந்து நிமிடத்தில் கரைந்தது.

கைப்பிரதிகளின் தமிழும் திருத்தப்பட வேண்டும். நம் உடலைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் தோற்றத்தைச் சொல்ல வந்தவர்கள் 'உடல் படம்' என்று எழுதியிருந்ததால், எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்களா என்று பக்கத்தில் இருந்த அம்மா கவலையோடு கேட்டார். மாடிப்படி செங்குத்தானது, மின்தூக்கி இல்லை. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நான்கே நாற்காலிகள்தாம் இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அடுத்த கட்ட வகுப்பிலும் சேர்ந்திருக்கிறேன். எண்ணெய் விற்ற விருந்தினர் மறுபடியும் வருவாரா என்று எழுதிக் கேட்டுவிட்டே பணம் கட்டினேன். இம்முறை உணவியல் நிபுணர் ஒருவர் வருவார் என்று பதில் வந்தது. நாத்தனாரும் என்னோடு வருகிறார். ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியா நிலையத்தின் கூட்டத்தில் சிக்க விரும்பாதவர்கள் ரோச்சோர் நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம்.